ஒன்பது பலகை நீளம்

எங்கள் மேட்டுத்தெருவில் மச்சை அறையாக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் ஓடுகளைப் பற்றிப் பேசினார்கள், பிறகு உயரத்தைப் பற்றிப் பேசினார்கள், கடைசியில் செலவைப் பற்றிப் பேசிவிட்டு, பழையபடி தேங்காயையும் ஓட்டை அண்டாவையும் மச்சில் ஏற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். பேசியபடியே செய்து முடித்தது உலகம்மாள் ஒருத்திதான். அவளுக்கு ஆன செலவு இந்தத் தெருவில் வேறு யாருக்கும் ஆனதில்லை, இனி ஆகவும் வேண்டாம்.

தென்காசிக்கு மேற்கே, சாரல் மாதங்களில் ஓட்டுக்கு மேல் யாரோ ஓயாமல் அரிசி களைகிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. உலகம்மாளுக்கு முன்கூடமாக ஒரு பட்டாசல், ஒரு அடுப்படி, இரண்டுக்கும் மேலே பலகை பாவிய மச்சு, மச்சுக்கு மேலே ஓடு. பட்டாசலில் ஒரு தையல் மிஷின், ஒரு நார்க்கட்டில். புருஷன் போனபிறகு அந்த மிஷினை மிதித்தே மகன் குற்றாலிங்கத்தை ஆளாக்கினாள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்துவிட்டால் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் அவள் முன்னால் வரிசையாக நின்று யூனிபாரத்துக்கு அளவு கொடுக்கும், எந்தப் பிள்ளை ஒரு வருஷத்தில் எத்தனை விரல் வளர்ந்தது என்று பெற்றவளுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத்தான் தைப்பாள், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் போதும் என்பாள்.

குற்றாலிங்கத்துக்குக் கடையத்தில் ஆவுடை என்ற பெண்ணைப் பேசி ஆவணியில் கல்யாணம் என்று முடிவானபோது, பெண் வீட்டார் நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை, கதவு வைத்த அறை ஒன்று மட்டும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பட்டாசலில் மாமியார் மிஷினை மிதித்துக்கொண்டிருக்க, புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே போவார்கள்? அறை இல்லையென்றால் கடையத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்று சம்பந்தகாரர் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மையான சொல்லைக் கேட்டு உலகம்மாளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றை ஏற்கெனவே கொடுத்தவள் அவள். மகள் வடிவு ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்த ஒன்றையும் கடையத்துக்கு விட்டுக்கொடுக்க அவளால் முடியாது, அதனால் கணபதி ஆசாரியைக் கூப்பிட்டாள்.

ஆசாரி ஏணியில் பாதி ஏறி நின்று மச்சை ஒரு சுற்றுப் பார்த்தார். “யக்கா, ஓட்டைப் பிரிச்சு கூரை மோட்டை ரெண்டடி தூக்கணும். இல்லேன்னா மாப்பிள்ளை பொண்டாட்டிகிட்ட குனிஞ்சுதான் பேச முடியும். பழக்கம் நல்லதுதான், ஆனா இடுப்பு தாங்காது.” ஏணியை எடுத்துவிட்டுப் படி வைக்க வேண்டும், படி வைத்தால் பட்டாசலில் ஒரு மூலை போய்விடும், முக்கோணச் சுவரில் ஜன்னல் விடாவிட்டால் சித்திரை மாதத்தில் இரண்டு பேரும் அவிந்துபோவார்கள், ஃபேனைச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, உலகம்மாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கீழே இறங்கிய ஆசாரி பலகைகளை அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மேல யாரு இருக்கா?”

“ஒருத்தரும் இல்லையே ஆசாரி. தேங்கா கெடக்கும், வடிவுக்கு வச்ச கன்னிப் பெட்டி இருக்கும்.”

அடுப்படிப் பக்கத்துப் பலகை ஒன்று லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது, அதற்கடுத்தது தாழ்ந்து நிமிர்ந்தது, அதற்கடுத்தது, இப்படியே ஒவ்வொன்றாகத் தாழ்ந்து நடந்துவந்து உலகம்மாள் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. ஆசாரி பயப்படவில்லை, பாரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர் ஆசாரி வேலைக்கு வர முடியாது. “ஆள் பாரம் இருக்கே யக்கா. முன்னாலயே சொல்லியிருந்தா கணக்குல சேத்திருப்பேன்லா?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

பாரம் எவ்வளவு என்று தெரியாமல் எந்த மரத்தையும் போட முடியாது என்பதால், எதிர்வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்களை வாங்கி மச்சில் ஏற்றிப் பக்கத்துப் பலகையில் வைத்துப் பார்த்தார். ஒரு சிப்பத்துக்குப் பலகை அந்த அளவு தாழவில்லை. இரண்டாவதையும் வைத்ததும் ஒரு நூல் அளவு கூடுதலாகத் தாழ்ந்தது. “ரெண்டு சிப்பத்துக்குக் கொஞ்சம் கொறைச்சல். கொமரிப் பிள்ளை பாரம்” என்றார்.

“எம்பிள்ளை போகும்போது ஒரு சிப்பம்கூட இல்லையே ஆசாரி” என்றாள் உலகம்மாள்.

“போகும்போது இருந்திருக்காது. இப்ப இருக்கு.”

அவள் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வடிவு மச்சில் இருக்கிறாள் என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, செத்த பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டதாக எந்தத் தாயும் நினைப்பதில்லை. பிள்ளை அங்கேயே இருந்து வளர்ந்திருக்கிறாள், தனக்குத் தெரியாமலே வளர்ந்திருக்கிறாள் என்பதுதான் அவளை அடித்துப் போட்டது.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், தெரு எல்லாவற்றையும் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் வாரம் பட்டாசலில் நிற்க இடமில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரம் காணாது, ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றார்கள் சிலர். அவள் அப்பன் வகையில் எல்லாருமே ஒல்லிதான் என்றார்கள் சிலர். கல்யாணத் தரகர் ஒருவர் சும்மா கேட்கிற மாதிரி ஜாதகம் கேட்டு, உலகம்மாள் பார்த்த பார்வையில் செருப்பை விட்டுவிட்டே போனார். வடிவோடு ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த செண்பகம், புளியங்குடியில் வாக்கப்பட்டவள், கைப்பிள்ளையோடு வந்து மேலே பார்த்து, “ஏட்டி வடிவு, நாந்தான் செண்பகம். இது எம்மவ” என்றாள். பலகை விறுவிறுவென்று தாழ்ந்து வந்து அவளுக்கு மேலே நின்றது. பிள்ளை மேலே கையை நீட்டிச் சிரித்தது. இரண்டாவது வாரம் கூட்டம் குறைந்தது. மூன்றாவது வாரம் ரேஷனுக்குப் போகிறவள் போகிறபோக்கில் வாசலில் நின்று, “வடிவு சும்மா இருக்காளா?” என்று கேட்டுவிட்டுப் போகிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஆசாரிக்குக் கணக்கு உதைத்தது. அந்த வீட்டின் உத்திரம் இரண்டு பேரைத் தாங்கும், கட்டிலையும் பீரோவையும் தாங்கும், மூன்றாவது ஆளைத் தாங்காது. இரும்பு கர்டர் போடலாம் என்றால் செம்மண் சுவர் கர்டரைத் தாங்காது. சுவரை இடித்துக் காங்கிரீட் போடலாம் என்றால் அதற்கு இந்த வீட்டையே விற்க வேண்டும். கீழே முட்டுக் கொடுத்துப் பார்த்தார், பிள்ளை அன்றைக்கே முட்டுக் கொடுத்த இடத்தை விட்டு எதிர்மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஒன்று கொடுத்தார், அடுப்படிக்கு மேலே போய்விட்டாள். நடமாடுகிற பிள்ளைக்கு எத்தனை இடத்தில் முட்டுக் கொடுப்பது? “பாரம் எறங்கணும் யக்கா. இல்ல, அறை வேண்டாம்னு சொல்லிரு. நடுவுல ஒரு வழியும் எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு ஆசாரி வெற்றிலையை எடுத்து மடியிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உலகம்மாளின் தம்பி முப்பிடாதி வந்தான். தாய்மாமன். அவன் மேலே பார்த்த உடனேயே துண்டை வாயில் வைத்து அழத் தொடங்கிவிட்டான். “பிள்ளை மச்சுல இருந்தே பெரிய மனுஷி ஆயிருக்கு, மாமன் நான் ஒரு ஓலை கட்டல, ஒரு சேலை எடுத்துக் குடுக்கல. சீர் வாங்காத பிள்ளை எப்படிப் போகும்? எந்த மொகத்தோட போகும்?” என்றான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னி. வருஷத்துக்கு ஒருமுறை, ஆடிக் கடைசி வெள்ளியில், கன்னிக்குப் புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டு, முந்தின வருஷத் துணியை எடுத்துத் தெருவில் ஒரு சிறுபிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிட வேண்டும். உலகம்மாள் பாதியைத்தான் செய்தாள். வருஷம் தவறாமல் பாவாடை சட்டை தைத்து வைத்தாள். வடிவின் பாவாடையை இன்னொரு பிள்ளை உடுத்திக்கொண்டு தெருவில் ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல், பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

இந்த வருஷம் நாமே சீர் செய்து, சேலை வைத்து, மனசு குளிர அனுப்பிவைப்போம் என்று முப்பிடாதி சொன்னதும், சேலைக்கு இடம் பண்ணுவதற்காக அவள் பெட்டியைக் கீழே இறக்கச் சொல்லி எல்லார் முன்னாலும் திறந்தாள். பதினைந்து பாவாடைகள். எல்லாமே ஏழு வயதுப் பிள்ளைக்கான அளவு. ஒவ்வொன்றிலும் அடி மடிப்புகள் அத்தனையும் நூல் நூலாகப் பிரித்துவிடப்பட்டிருந்தன. இடுப்புப் பட்டி பிரிக்கப்பட்டிருந்தது. சட்டைகளில் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே எவ்வளவு துணி உண்டோ அவ்வளவும் வெளியே எடுத்துவிடப்பட்டிருந்தது. அடியில் கிடந்த முதல் சில பாவாடைகளில் ஒரு மடிப்பு, இரண்டு மடிப்புதான் பிரிந்திருந்தது. மேலே வர வர எல்லா மடிப்பும் போய், கடைசி மூன்று நான்கில் பிரிக்க எதுவும் இல்லாமல் விளிம்பே நைந்துபோயிருந்தது.

உலகம்மாள் அவற்றை மடியில் போட்டுக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். “ஊருப் பிள்ளைக்கெல்லாம் வருஷா வருஷம் அளவு எடுத்தேனே. எம்பிள்ளைக்கு ஒரே அளவுல தச்சிருக்கேனே. போட்டுப் பாத்திருக்கா, பத்தல, பிரிச்சிருக்கா, அப்பயும் பத்தல. ஒரு வார்த்த கேக்காம, அடுத்த வருஷமாவது அம்மா சரியா தைப்பான்னு இருந்திருக்காளே” என்று அவள் சொன்னதைக் கேட்டு, அந்தப் பட்டாசலில் நின்ற ஒருத்தி பாக்கியில்லாமல் அழுதோம். மேலே பலகை அவளுக்கு நேராகத் தாழ்ந்து அசையாமல் நின்றது. அழாதே என்று சொல்கிற மாதிரி இருந்தது என்று எங்களில் சிலர் சொன்னார்கள், எங்களுக்கு என்ன தெரியும்.

முப்பிடாதி அரக்குச் சேலை எடுத்துவந்தான். சேலைக்கு அளவு வேண்டாம், ஜாக்கெட்டுக்கு வேண்டும். செண்பகம் தன் அளவை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். உலகம்மாள் ஒப்பவில்லை, இன்னொரு தடவை தப்பாகத் தைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஒரு மத்தியானம், சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், அவள் நார்க்கட்டிலை நடுப்பட்டாசலுக்கு இழுத்துப்போட்டுப் படுத்துக்கொண்டு மேலே பார்த்து, “வடிவு, அம்மாவுக்கு நேரா படு தாயி. காலை நீட்டிப் படு. அளவு எடுக்கணும்” என்றாள். ஒரு பலகை தாழ்ந்தது. அடுத்தது தாழ்ந்தது. ஒவ்வொன்றாக ஒன்பது பலகைகள் தாழ்ந்து நின்றன, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றும் லேசாக, நடுவில் இருந்தவை அழுத்தமாக. உலகம்மாளின் தலை முதல் பலகைக்கு நேராக இருந்தது, குதிங்கால் ஒன்பதாவது பலகைக்கு நேராக இருந்தது. அவள் டேப்பை எடுக்கவே இல்லை. வெகுநேரம் அப்படியே, தன் உயரத்துக்கு வளர்ந்த மகளுக்குக் கீழே, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு எழுந்து, தன் கல்யாண ஜாக்கெட்டைத் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, அதை வைத்து வெட்டினாள்.

வெட்டியவள் தைத்து முடிக்கவில்லை. கையைச் சேர்ப்பாள், பிரிப்பாள். கொக்கி வைப்பாள், வைத்த கொக்கியை எடுப்பாள். ஆடி பாதி போய்விட்டது. இது சரியாக இருந்தால் பிள்ளை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், அதனால் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. குற்றாலிங்கம்தான் ஒருநாள் லேத்துப் பட்டறையிலிருந்து வந்து, கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் வாசல்படியில் நின்றபடி சொன்னான்.

“எம்மா, எனக்கு மச்சு வேண்டாம். கடையத்துலயே வீடு பாத்துக்கிடுதேன். தங்கச்சி இருந்துட்டுப் போகட்டும். நான் வாரத்துக்கு ஒருக்க வந்துட்டுப் போறேன்.”

“வாரத்துக்கு ஒருக்க வருவ” என்றாள் அவள், மிஷினை விட்டுத் தலையைத் தூக்காமல். “பொறவு மாசத்துக்கு ஒருக்க. பொறவு கோயில் கொடைக்கு மட்டும். நீ ஒருத்தந்தாம்ல எனக்குக் கண்ணுக்குத் தெரியுத பிள்ளை. நீயும் தெரியாமப் போயிட்டா நான் எதைப் பாத்துக்கிட்டு இருக்க?”

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடியவன் அவன். மேலே பலகை அடுப்படிப் பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்து, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. இந்தப் பக்கம் ஒரு பலகை தாழும், பிறகு அந்தப் பக்கம் ஒரு பலகை தாழும். அதைப் பார்த்துக்கொண்டே உலகம்மாள் கடைசிக் கொக்கியை வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளி உச்சி நேரத்துக்கு முப்பிடாதி வாசலில் பச்சைத் தென்னோலை கட்டினான். புட்டு அவித்தோம், உளுந்தங்களி கிண்டினோம், மஞ்சள் அரைத்தோம். மச்சில் கூட்டமாக ஏறக்கூடாது என்று ஆசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், மாமன் மட்டும் ஏணியில் நின்று, பெட்டியையும் சீர்த்தட்டையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். அவன் இறங்கியதும் உலகம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துப் பேசினாள்.

“இது உனக்குச் சரியா இருக்கும் தாயி. அம்மா அளவு பாத்துத் தச்சிருக்கேன். இத்தனை வருஷம் தப்பாத் தச்சுட்டேன், மனசுல வச்சுக்கிடாத. அண்ணனுக்கு எடம் வேணும். உனக்கு எடம் இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல, ஆனா அதான் சொல்லுதேன். கட்டிக்க. கட்டிக்கிட்டுப் போயிட்டு வா.”

எங்கள் ஊரில் யாரையும் வெறுமனே போ என்று சொல்ல மாட்டோம், அதனால் அப்படிச் சொன்னாள். ஒரு பெண் சேலை கட்டிக் கொசுவம் வைத்து முந்தானையைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஒரே பலகை தாழ்ந்து கிடந்தது. பிறகு அது நடந்தது. உலகம்மாளுக்கு மேலே வந்து நின்றது, குற்றாலிங்கத்துக்கு மேலே வந்து நின்றது, செண்பகத்தின் பிள்ளைக்கு மேலே ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் ஆசாரி ஜன்னலுக்குக் கோடு போட்டு வைத்திருந்த முக்கோணச் சுவரைப் பார்த்துப் போனது. கடந்துபோன பலகைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கடைசிப் பலகை மட்டும் கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருந்தது. உலகம்மாள் வாயைத் திறந்தாள், கூப்பிடப் போகிறாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், அவள் கூப்பிடவில்லை. பலகை நிமிர்ந்தது. ஆசாரி மறுநாள் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, குமிழ் நட்டநடுவில் நிற்கிறது என்று சன்னமான குரலில் சொன்னார். பெட்டியில் சேலையும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை.

வேலை மளமளவென்று நடந்தது. மோடு உயர்ந்தது, ஜன்னல் வந்தது, படி வந்தது. பட்டாசலில் ஒரு மூலை போனது. பெட்டியில் இருந்த பதினைந்து பாவாடைகளுக்கும் உலகம்மாள் திரும்ப மடிப்பு வைத்து, விளிம்பு நைந்ததற்கு வேறு துணி கொடுத்துத் தைத்து, தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அந்த ஆவணியில் எங்கள் தெருவில் பதினைந்து வருஷத்துப் பூப்போட்ட துணிகளும் ஒரே நேரத்தில் ஓடி விளையாடின, அவள் வாசலில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி பழைய மெல்லிய பலகைகளைக் கழற்றிவிட்டுக் கனத்த பலகைகளைப் பாவினார். அதன்மேல் யானை நடந்தாலும் கீழே தெரியாது என்று பெருமையாகச் சொன்னவர், சொன்ன பிறகுதான் உலகம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

கழற்றின பழைய மரம் ஆசாரிக்குச் சேர வேண்டியது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் அதில் ஒன்பது பலகைகளை மட்டும் கேட்டாள், எந்த ஒன்பது என்றும் காட்டினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் அவற்றைக் குறுக்குச் சட்டமாகக் கோத்து ஒரு கட்டில் செய்து கொடுத்துவிட்டு, அதற்குக் கூலி வாங்காமல் போனார்.

குற்றாலிங்கமும் ஆவுடையும் மேலே இருக்கிறார்கள். ஆவுடை நல்ல பிள்ளை, அத்தை அத்தை என்று படி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உலகம்மாள் அந்தப் பலகைக் கட்டிலில் படுக்கிறாள். தலை முதல் பலகையில் வரும், குதிங்கால் ஒன்பதாவதில் முடியும், அவளுக்கென்றே அளவெடுத்தது போல் இருக்கும். ஆனால் அவள் நடுவில் படுப்பதில்லை. சுவரோரச் சட்டத்தை ஒட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் படுக்கிறாள். படுத்து, கையை நீட்டி, நடுப்பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். பலகை தாழாமல் மட்டமாகத்தான் இருக்கிறது.